மூன்று மாதத்துக்கு உட்பட்ட முத்திரை

பழைய மாணவர் சங்கம்
ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் கொடுக்கும்.
அந்த 'ஒருவருக்கு' வந்ததும்
நானும் நொக்வாசியும் கண்ணால் தாண்டிவிடுவோம்.

போன வருடம் வாங்கிய யுவேஷன்
டர்பனிலிருந்து வாய்ஸ் நோட் அனுப்பினான்,
ஏழு நிமிடம், பின்னால் குக்கர் விசில்.
"சிறு வயது முதலே என்று மட்டும் தொடங்காதே, கெருஷா.
பகலெல்லாம் ஆபீஸ் பார்த்துவிட்டு
ராத்திரி நாற்பதாவது கட்டுரைக்கு வருகிறவர்கள் அவர்கள்.
ஏழை என்று எழுதாதே.
எண்ணை எழுது.
அப்புறம் அந்தப் படிவத்தைக் கடைசிப் பக்கம் வரை படி,
யாரும் படிப்பதில்லை."

எண்ணை எழுதினேன்:
சாட்ஸ்வர்த் சந்தையில் வெள்ளி, சனி
அம்மா விற்கும் கீரைக்கட்டு நூற்றிருபது.
கட்டு பத்து ராண்ட். வாடியது போக மிச்சம்.

அப்பாவுக்கு மூன்று வாக்கியம் கொடுத்திருந்தேன்.
நொக்வாசி பென்சிலோடு உட்கார்ந்தாள்.
"இது அழுகிறது. இது சும்மா நிற்கிறது.
இதை வை."
வைத்தது:
ஆலை மூடிய பிறகும்
அப்பா ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார்.

அவளுடையதை நான் பார்த்தேன்.
உம்லாசியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வருவது,
தம்பியின் ஆஸ்துமா, வானிலை, கடவுள், நன்றி.
நான்காம் பத்தியில், ஏதோ குற்றம்போல் ஒளித்து,
பள்ளிக்கூடத்தில் உடைந்து கிடந்த
ஒன்பது நுண்ணோக்கிகளில்
ஆறைச் சரிசெய்தேன் என்று ஒரு வரி.
தூக்கி முதல் வரியில் போட்டேன்.
போட்டபோதே தெரிந்தது
என் கீரைக்கட்டு தோற்றது.

செவ்வாய்க்கிழமை
அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம்
அடையாள அட்டையின் நகலைப் புரட்டினேன்.
போலீஸ் முத்திரை, நீல மை,
பிப்ரவரி ஒன்பது.
பதினொன்றாம் பக்கத்தில் எறும்பெழுத்தில் இருக்கிறது:
சான்றளித்த நகல்
மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.
இது மே.

அவள் வந்தாள். உதட்டில் ஈரம்.
"எல்லாம் சரியா?" என்றாள்.
எழுத்துப்பிழை ஒன்றுமில்லை என்றேன்.
அது உண்மை.

புதன் என்னுடையதை அனுப்பினேன்.
வியாழன் கரண்ட் இல்லை,
இருட்டில் படுத்துக்கொண்டு
பிப்ரவரியிலிருந்து விரல்விட்டு எண்ணினேன்,
எங்காவது ஒரு மாதம் குறையாதா என்று.
யாருக்காகக் குறைய வேண்டும் என்று
எனக்கே தெளிவில்லை.

வெள்ளி மாலை ஏழு.
கடைசி நாள், நள்ளிரவு வரை.
போன் செய்தேன்.

போலீஸ் நிலையத்துக்கு
அவள் ஓடி வந்தாள், ஒரு கையில் செருப்பு அறுந்து.
எங்களுக்கு முன்னால்
கைப்பை பறிகொடுத்தவர் ஒருவர்,
மூக்கில் கட்டுப்போட்டவர் ஒருவர்.
கான்ஸ்டபிள் மூலத்தையும் நகலையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து
இரண்டும் ஒன்றுதானா என்று
மெதுவாக, மிக மெதுவாகப் பார்த்தார்.
டக். டக். டக்.

வெளியே வந்து மையை ஊதிக்கொண்டே கேட்டாள்,
"எப்போ பார்த்தே?"

எதிரே ஒரு டாக்ஸி ஆள் கூவிக்கொண்டிருந்தான்.
அவன் கூவி முடிக்கட்டும் என்று
காத்திருப்பதுபோல் நின்றேன்.
அவளும் நின்றாள்.
பிறகு தாளை மடக்காமல்
நெஞ்சோடு தட்டையாகப் பிடித்து
முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.
எப்போதும் பின் சீட்டில்
என்னோடு உட்காருகிறவள்.

பன்னிரண்டுக்குப் பதினெட்டு நிமிடம்:
'போய்விட்டது' என்று ஒரே வார்த்தை,
படம் ஏதும் இல்லாமல்.

என் விண்ணப்பத்தைத் திறந்தேன்.
கேள்வி ஒன்பது:
பிறருக்காக நீங்கள் செய்த ஒன்றைக் குறிப்பிடுக.
புதன்கிழமை எழுதியிருந்தேன்:
என் தோழியின் விண்ணப்பத்தை
வரி வரியாகத் திருத்திக் கொடுத்தேன்.

அழிக்கப் பார்த்தேன்.
எங்கே தொட்டாலும்
பச்சை எழுத்தில்
பெறப்பட்டது, பெறப்பட்டது
என்றே வருகிறது.